தட்டாஞ்சாவடியில் ஒரு பாஷை இருந்தது

1

இன்று என் தங்கை வாசுகிக்குக் கல்யாண நாள். வாழ்த்து அட்டை வாங்கி மேசைமேல் வைத்துச் சில நாட்கள் ஆகின்றன. எழுத மனம் வரவில்லை. இனி எழுதிப் போட்டாலும் பாரிஸிலிருந்து புதுச்சேரிக்குப் போய்ச் சேர இரண்டு வாரம் பிடிக்கும், எப்படியும் தாமதம்தான், இன்னும் நாலு நாள் கழித்து எழுதினால் குடி முழுகிவிடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். காரணம் அது இல்லை. எனக்கு அவள்மேல் பொறாமை. கல்யாண நாள் வந்தால் அது கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

வாசுகிக்குப் பிறந்ததிலிருந்து காது கேட்காது, வாய்ப்பேச்சும் கிடையாது. எனக்கு இரண்டும் உண்டு. போதாக்குறைக்கு, இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் சைகை மொழியையும் காது கேளாதவர்களின் வாழ்க்கை முறையையும் படித்துப் பட்டம் வாங்கியிருக்கிறேன். ஆஸ்பத்திரி, நீதிமன்றம், நகரசபை என்று காது கேளாதவர்கள் போகிற இடத்துக்கெல்லாம் கூடப் போய் மொழிபெயர்ப்பதுதான் என் பிழைப்பு. இப்படிப்பட்டவளுக்குத் தங்கைமேல் என்ன பொறாமை என்று ஊரில் கேட்பார்கள். போன தடவை போயிருந்தபோது அம்மாவே கேட்டாள்.

"உனக்கு இன்னாடி கொறைச்சல்? வாய் இருக்குது, வேல இருக்குது, பாரிஸ்ல வூடு இருக்குது. அதுங்கிட்ட இன்னா இருக்குதுன்னு இப்படிப் பொகையிற?"

அம்மாவிடம் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்லிப் பார்க்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே தெரிவித்துவிட வேண்டும். இதில் வாசுகி பேசுவதாக வருவதெல்லாம் அவள் கையால் சொன்னது. அதை நம் ஊர்ப் பேச்சில் எழுதுகிறேன். அவள் கைக்கு அந்தப் பேச்சுதான் பொருந்துகிறது.

2

எங்கள் வீடு உப்பளத்தில். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். ஊர் இந்தியாவோடு சேர்ந்த பிறகு, விரும்புகிறவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள், அப்பா வைத்துக்கொண்டார். தெருவில் அவருக்குச் 'சொல்தா', அதாவது சிப்பாய், என்றுதான் பெயர். அந்தப் புண்ணியத்தில் நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தேன். வாசுகி என்னைவிட மூன்று வயது சின்னவள். பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் சில வருஷம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தாள்.

வீட்டில் அவளுக்கு நான்தான் வாய். கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் காதுக்குப் பார்க்கப் போனால் டாக்டர் கேட்பதை நான் அவளுக்குக் காட்டுவேன், அவள் காட்டுவதை டாக்டருக்குச் சொல்வேன். அப்பாவுக்குச் சைகை என்றால் கண்ணை உருட்டுவது மட்டும். அம்மாவுக்குச் சோறு, தண்ணீர், உதை, அவ்வளவுதான் தெரியும். மீதி எல்லாம் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உண்டாக்கியது. மூக்கைப் பிடித்தால் மீன்காரம்மா. முழங்கையைச் சொறிந்தால் கணக்கு வாத்தியார். நெற்றிக்கு மேல் உள்ளங்கையைத் தட்டையாக வைத்து ஒரு விரற்கடை உயர்த்தினால் போலீஸ்காரர். நம் ஊர்ப் போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பிக்கு உச்சி அப்படித் தட்டையாகத்தானே இருக்கும்.

இந்த உலகத்திலேயே இரண்டு பேர் மட்டும் பேசுகிற பாஷை இது, அந்த இரண்டு பேரில் நான் ஒருத்தி என்பதில் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. "பாப்பா இன்னா சொல்லுது?" என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் உடனே சொல்லமாட்டேன். கொஞ்சம் காக்கவைத்துத்தான் சொல்வேன். எதிர்வீட்டு மல்லிகா வாசுகியோடு பழக ஆசைப்பட்டு, 'தண்ணீர்' எப்படிக் காட்டுவது என்று என்னைக் கேட்டாள். 'கழுதை'யைக் காட்டிக்கொடுத்தேன். அவள் வாசுகியிடம் போய்க் கழுதை கேட்டாள். அதற்கப்புறம் மல்லிகா வரவில்லை. நல்லதாயிற்று என்றுதான் அன்றைக்கு நினைத்தேன், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா யாரையோ பிடித்து வாசுகிக்குத் தட்டாஞ்சாவடியில் வேலை வாங்கிக் கொடுத்தார். தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டி ஒட்டுகிற ஒரு சின்னப் பட்டறை. காலையில் டிபன் பாக்ஸோடு பஸ் ஏறுவாள், சாயங்காலம் விரலெல்லாம் பசையோடு வருவாள். ஞாயிற்றுக்கிழமை பீச்சுக்குப் போய் வருவாள். என்ன வேலை என்று கேட்டால் ஒட்டிக் காட்டுவாள். வேறு ஒன்றும் சொன்னதில்லை. பெட்டி ஒட்டுவதில் சொல்ல என்ன இருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

3

எழுபதுகளின் கடைசியில் நான் பாரிஸுக்கு வந்தேன். மொழியியல் படிக்கத்தான் வந்தது. துறையில் ஒரு விரிவுரையாளர் சைகை மொழியும் ஒரு முழு மொழிதான், அதற்கும் இலக்கணம் உண்டு என்று பாடம் நடத்தினார். அப்போது இங்கே அது புதுப்பேச்சு. வெகுகாலம் பள்ளிக்கூடங்களில் சைகையை அனுமதிக்காமல் வைத்திருந்தார்கள். கையை ஆட்டினால் அடி என்று வளர்ந்தவர்கள் எல்லாரும் அப்போதுதான் வெளியே வந்து தங்கள் மொழியைத் தாங்களே சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். நான் ஓடிப்போய் அந்த வகுப்பில் சேர்ந்தேன். எனக்கு இது பழக்கம் என்கிற மிதப்பு வேறு.

ஆசிரியர் பெயர் திதியே. அவருக்கும் காது கேட்காது. அவர் வகுப்பில் வாயைத் திறக்கக் கூடாது. முதல் நாள் அவர், இந்த மொழியைப் படிக்க விருப்பமா என்று ஒவ்வொருவரையும் கேட்டார். என் முறை வந்தது. 'விருப்பம்' என்று கையால் காட்டினேன். கூடவே, நாம் எல்லாரும் செய்வதுபோல், தலையை இரண்டு பக்கமும் இதமாக ஆட்டினேன். திதியே புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, விருப்பம் இல்லையென்றால் எதற்கு வந்தாய் என்றார்.

விஷயம் இதுதான். அவர்கள் மொழியில் கை ஒன்றைச் சொல்லும்போது தலை பக்கவாட்டில் ஆடினால், அது 'இல்லை' என்று பொருள். அது அவர்கள் இலக்கணம். நமக்கோ சம்மதம் என்றாலே தலை ஆடிவிடும். ஆக, நான் 'ஆமாம்' என்று சொன்னதெல்லாம் 'இல்லை'யாகப் போனது. உங்கள் வீடு அழகு என்றேன். அழகில்லை என்று போனது. உங்கள் மனைவியைச் சந்தித்ததில் மகிழ்ச்சி என்றேன்; அந்த அம்மாள் அதோடு என்னோடு பேசவில்லை. தலையை நிறுத்தப் படாதபாடு பட்டேன். பேருந்தில், சமையலறையில், கண்ணாடிக்கு முன்னால் எல்லாம் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு பழகினேன். தேர்வில் அதற்கே மதிப்பெண் குறைத்தார்கள்.

காது கேளாதவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவரைத் தங்கள் ஆளாக ஏற்றுக்கொண்டால் சைகையில் ஒரு பெயர் வைப்பார்கள். நாமே வைத்துக்கொள்ள முடியாது, கேட்டும் வாங்க முடியாது, அவர்களாக வைக்க வேண்டும். எனக்குப் பெயர் வர அந்தக் கல்வியாண்டு முழுவதும் ஆயிற்று. வந்த பெயர், உள்ளங்கையை நிமிர்த்தி இப்படியும் அப்படியும் ஆட்டுவது. தலையாட்டி. கூட இருந்த மாணவிகளுக்குக் 'குதிரைவால்', 'கன்னக்குழி' என்றெல்லாம் கிடைத்தது. சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

ஆனாலும் அவர்கள் மன்றத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு எல்லார் கையும் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உட்காருவார்கள். விடைபெற மட்டும் ஒரு மணி நேரம் ஆகும். கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று மறுபடி ஆரம்பிப்பார்கள். நகைச்சுவை எல்லாம் எனக்கு ஒரு பேச்சு தள்ளித்தான் புரியும். எல்லாரும் சிரித்து முடித்த பிறகு நான் தனியாகச் சிரிப்பேன். என் தங்கை உப்பளத்தில் ஆளில்லாமல் கிடக்கிறாள், இவர்களுக்குப் பார் எத்தனை பேர் என்று அவளுக்காகவும் சேர்த்து வயிறு எரிந்தேன். அவளை இங்கே கொண்டுவந்துவிடுவது, இந்த மொழியை நான் அவளுக்குக் கற்றுக்கொடுப்பது, அவள் என்னோடே இருந்துவிடுவது என்று முடிவு கட்டினேன்.

4

அப்பாவின் குடியுரிமை இருந்ததால் வாசுகிக்குப் பாஸ்போர்ட் கிடைப்பதில் சிக்கல் இல்லை. சில வருஷத்தில் வந்து சேர்ந்தாள். விமான நிலையத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு என்னைப் பார்த்ததும் நெற்றிக்கு மேல் உள்ளங்கையை வைத்து உயர்த்திக் காட்டினாள். போலீஸ்காரன் பெட்டியைத் திறக்கச் சொல்கிறான் என்று அர்த்தம். பாரிஸ் போலீஸ்காரர்களும் அப்போது அதே தட்டைத் தொப்பிதான் போட்டிருந்தார்கள். பக்கத்தில் யாருக்காகவோ காத்திருந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டுக் கடகடவென்று அவளுக்குப் பதில் காட்டினார். அவருக்கும் காது கேட்காது போலிருக்கிறது. நான் அவளைக் கட்டிப்பிடிப்பதற்கு முன்னாலேயே அவள் அந்த மனிதரோடு பேசிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் நடந்ததெல்லாம் அதே ரகம்தான். மன்றத்துக்கு அழைத்துப் போன முதல் நாளே அவளைச் சுற்றிக் கூட்டம். அவளுக்கு அவர்கள் மொழி தெரியாது, அவர்களுக்கு அவளுடையது தெரியாது, ஆனாலும் காபி ஆறுவதற்குள் அவள் விமானத்தில் வாந்தி எடுத்த கதையைச் சொல்லி முடித்துவிட்டாள். திதியே கண்ணில் நீர் வரச் சிரித்தார். நான் மொழிபெயர்க்கலாம் என்று நடுவில் போனேன். ஒருத்தி என் தோளைத் தொட்டு, மறைக்கிறாய், கொஞ்சம் நகர்ந்துகொள் என்றாள்.

அன்றைக்கே அவளுக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். ஆட்காட்டி விரலால் மூக்கின் பக்கவாட்டைத் தொடுவது. மூக்குத்தி. ஊரிலிருந்து வரும்போது எனக்கும் மூக்குத்தி இருந்தது. இங்கே எல்லாரும் பார்க்கிறார்கள் என்று கழற்றிப் பெட்டியில் போட்டவள் நான்தான், யாரைக் குறை சொல்வது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்தத் தலையாட்டலை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. வாசுகியும் நம் ஊர்ப் பெண்தானே, எதற்கெடுத்தாலும் தலையை ஆட்டினாள். ஒருவரும் அவளைத் திருத்தவில்லை. இது புதுச்சேரி 'ஆமாம்', நம்முடையதைவிட அழகாக இருக்கிறது என்று திதியே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். சில வாரங்களில் மன்றத்தில் பாதிப் பேர் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தப்பு என்றது அவளுக்கு எப்படி அழகாயிற்று என்று திதியேவிடம் கேட்டேவிட்டேன். நீ படிக்க வந்தவள், அவள் பேச வந்தவள் என்றார்.

அடுத்து அலுவலகம். அவளுக்கு ஊனமுற்றோர் அட்டை வாங்கப் போனோம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள் கேள்வியெல்லாம் என்னைப் பார்த்தே கேட்டாள். இவருக்கு என்ன வயது, இவருக்குப் படிக்கத் தெரியுமா, இவர் யாரோடு இருக்கிறார். மூன்றாவது கேள்வியில் வாசுகி மேசையைத் தட்டினாள். மன்றத்தில் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். என்னைப் பார்த்துக் கேள் என்று காட்டினாள். அந்த அம்மாள் சிவந்துபோய் அவள் பக்கம் திரும்பினாள். மொழிபெயர்ப்பவளுக்கு ஒரு விதி உண்டு. அவர்கள் சொல்வதை 'நான்' என்றே சொல்ல வேண்டும், கூட்டவோ குறைக்கவோ கூடாது. வாசுகிக்கு அந்த விதியும் அதற்குள் தெரிந்திருந்தது. என்னைப் பார்த்துக் குறும்பாகச் சிரித்துவிட்டுக் கையை ஓட்டினாள். நான் நல்ல பிரெஞ்சில், குரலைச் சமமாக வைத்துக்கொண்டு, அந்த அம்மாளிடம் இப்படிச் சொல்ல வேண்டியதாயிற்று: "கூட வந்திருப்பவர் என் அக்கா. நல்லவர். ஆனால் என்னைப் பற்றி அவர் சொல்வதை எல்லாம் நம்பாதீர்கள்."

5

ஆய்வுக் கட்டுரை எழுதும் நேரம் வந்தது. தலைப்பை நான் எப்போதோ தேர்ந்து வைத்திருந்தேன்: இரண்டு சகோதரிகள் மட்டும் பேசுகிற ஒரு மொழி. விரிவுரையாளருக்குத் தலைப்பு மிகவும் பிடித்துவிட்டது. துறையில் ஒரு பெரிய வீடியோ கேமரா இருந்தது. வாசுகியை உட்காரவைத்து எங்கள் சைகைகளைப் பதிவு செய்வதாக ஏற்பாடு. திதியேவும் வந்திருந்தார்.

நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். மீன்காரம்மா. கணக்கு வாத்தியார். போலீஸ். வாசுகி கொட்டாவி விட்டுக்கொண்டே செய்து காட்டினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. முடிகிற நேரத்தில் திதியே சும்மா ஒரு கேள்வி கேட்டார், இப்படி யாரோடெல்லாம் பேசுவாய் என்று.

"அக்காவோட மட்டுந்தான். இது அக்கா பாஷ. அதுக்கு இவ்ளோதான் புரியும்."

"மற்றவர்களோடு?"

வாசுகி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் கை வேறு மாதிரி ஆயிற்று. நான் அதுவரை பார்த்தே இராத சைகைகள், பார்த்தே இராத வேகம். எனக்கு அங்கங்கே ஒன்றிரண்டு பிடிபட்டது. மீதியைத் திதியே பின்னால் எனக்குச் சொன்னார். ஆமாம், என் தங்கை சொன்னதை, என் ஊர்க் கதையை, பாரிஸ்காரர் ஒருவர் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்.

தட்டாஞ்சாவடிப் பட்டறையில் அவளோடு வேலை செய்தவர்களில் பாதிப் பேருக்குக் காது கேட்காதாம். ஒருவர் வேலைக்குச் சேர்ந்து இன்னொருவரை அழைத்துவர, அவர் தனக்குத் தெரிந்தவரை அழைத்துவர, அப்படியே சேர்ந்துவிட்டார்களாம். மெஷின் சத்தத்தில் மற்றவர்கள் கத்திக் கத்திப் பேச, இவர்கள் பாட்டுக்கு நிம்மதியாகப் பேசிக்கொண்டிருப்பார்களாம். சிலர் சென்னையில் காது கேளாதோர் பள்ளியில் படித்தவர்கள். அவர்களிடமிருந்து வந்தது பாதி, இவர்களாகச் சேர்த்தது பாதி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லாரும் பீச்சில் சந்திப்பார்கள். பாரிஸ் மன்றத்தில் போலவே வட்டமாக உட்காருவார்கள். விடைபெற நேரமாகும்.

திதியேவுக்கு ஒரே குதூகலம். "உனக்கு இது தெரியாதா?" என்று என்னைக் கேட்டார்.

தெரியுமே என்று காட்டினேன். பொய்தான். பதற்றத்தில் தலை தன்பாட்டுக்கு ஆடிவிட்டது. கை தெரியும் என்றது, தலை தெரியாது என்றது. அவர் தலையைத்தான் நம்பினார். அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்ததில் எனக்கு இன்னும் எரிச்சல் கூடியது.

வீட்டுக்கு வந்து வாசுகியைப் பிடித்துக்கொண்டேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ கேக்கல. பொட்டி எப்படி ஒட்டுறன்னு கேட்ட. காட்டினேன்."

"என்னை ஒரு நாள் கூட்டிக்கிட்டுப் போயிருக்கலாம் இல்ல?"

"நீ வந்தா எல்லாருக்கும் வாயா இருக்கப் பாப்ப. அங்க யாருக்கும் வாய் வேணாம்."

அதோடு விடவில்லை. "இதப் படிக்கவா பாரிஸ் வந்த? நம்ம வூட்டுலேர்ந்து ஒரு பஸ்ஸு."

கட்டுரையின் தலைப்பை மாற்றி எப்படியோ தேறினேன். வாசுகி குளிர்காலம் முடிவதற்குள் ஊருக்குத் திரும்பிவிட்டாள். மன்றமே கெஞ்சியது, இருந்துவிடு என்று. நான் கெஞ்சவில்லை, சண்டை போட்டேன். அப்போதுதான் சேகரைப் பற்றிச் சொன்னாள். அதே பட்டறை, வெட்டுகிற மெஷினில் வேலை, அவருக்கும் காது கேட்காது, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே பழக்கம். இங்கே எல்லாரும் நல்லவர்கள்தான், ஆனால் அவர்களோடு பேசி முடித்த பிறகு கை வலிக்கிறது, அங்கே வலிக்காது என்றாள். அதுவரை பாரிஸ்காரர்கள் அவளை என்னிடமிருந்து பறித்துக்கொள்வார்கள் என்று புகைந்துகொண்டிருந்தேன். அவள் எப்போதோ தட்டாஞ்சாவடிக்குப் போய்விட்டிருந்தாள் என்பது தெரிந்ததும் எந்தப் பக்கம் திரும்பிப் புகைவது என்றே தெரியவில்லை.

6

இப்போது என் மகளும் அவள் பக்கம். நித்யாவுக்குத் தமிழ் வராது. வெளிநாட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் பாடுகிற பாட்டுதான் இது: நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். போன கோடையில் ஊருக்கு அழைத்துப் போனேன். சித்தி வீட்டில் விட்டுவிட்டு நான் பத்திரம், சான்றிதழ் என்று அலுவலகம் அலுவலகமாக அலைந்தேன். திரும்பி வருவதற்குள் பெண் கையால் பேசக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

நேற்று சாப்பிடும்போது பக்கத்து வீட்டு நாயைப் பற்றி ஏதோ சைகையில் சொன்னாள். புரியாமல், வாயால் சொல்லச் சொன்னேன். "உனக்கு இது வராதா அம்மா? நீதானே எல்லாருக்கும் மொழிபெயர்க்கிறாய்?" என்றாள் பிரெஞ்சில். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டேன். குழந்தைகள் பிரெஞ்சுக்குப் போய்விட்டார்கள் என்று மற்றவர்கள் அழுகிறார்கள். என் குழந்தை தட்டாஞ்சாவடிக்குப் போய்விட்டது.

7

அந்தக் கல்யாணத்தைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது.

உப்பளத்தில் ஒரு சின்ன மண்டபம். விழுப்புரம், கடலூர், சென்னை என்று எங்கிருந்தெல்லாமோ காது கேளாதவர்கள் வந்திருந்தார்கள். வந்ததும் முதல் வேலையாக, வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளை எல்லாம் இழுத்து டியூப் லைட்டுக்குக் கீழே வட்டமாகப் போட்டுக்கொண்டார்கள். பந்திக்குப் போகிற வழி அடைபட்டுவிட்டது. மண்டபத்து மேனேஜர் அவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்று, "வழிய உடுங்க சார், வழிய உடுங்க" என்று கத்திக்கொண்டே இருந்தார். மேளக்காரர் ஒருவர்தான் அவரிடம் விஷயத்தைச் சொன்னார்.

நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, பாரிஸ் பட்டத்தோடு, அந்த வட்டத்துக்கு வெளியே நின்றேன். முழங்கை, தோள், புருவம் என்று எல்லாம் பேசிக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் எட்டவில்லை. அப்போது பச்சைப்புடவை கட்டிய ஒரு பெண் எழுந்து என்னிடம் வந்தாள். என்னைச் சுட்டிக்காட்டிவிட்டு, தன் வயிற்றின்மேல் உள்ளங்கையை வைத்துச் சுற்றிக் காட்டிப் புருவத்தை உயர்த்தினாள்.

அப்பாடா, ஒன்றாவது புரிந்ததே என்று இருந்தது. கல்யாண வீட்டில் யாரும் யாரையும் கேட்பதுதானே, சாப்பிட்டாயிற்றா என்று. ஆமாம் ஆமாம், வயிறு நிறைய என்று நான் இரண்டு கையாலும் வயிற்றைப் பலமாகத் தடவிக் காட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். இன்னொருவர் வந்தார், அதையே கேட்டார். அவருக்கும் தடவிக் காட்டினேன். மூன்றாவதாக ஒரு குடும்பமே வந்தது. எவ்வளவு அன்பான மனிதர்கள், சாப்பிட்டேனா என்று இத்தனை பேர் கேட்கிறார்களே என்று மனம் நெகிழ்ந்து ஒவ்வொருவருக்கும் தடவிக் காட்டினேன். வட்டமே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

அம்மா வேகமாக வந்தாள். "இன்னாடி, வர்றவங்க போறவங்க கிட்டல்லாம் வயித்தத் தடவிக் காட்டிக்கினு இருக்க? வயிறு வலிக்குதா? ஓமத் தண்ணி கொண்டாரட்டா?"

மேடையைப் பார்த்தேன். மாலையும் கழுத்துமாக வாசுகி சேகரின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்திருந்தாள். நேரே ஏறிப் போனேன்.

"என்ன கேக்கறாங்க இவங்க?"

"சாப்ட்டியான்னு கேக்கல. நீதான் அதுவான்னு கேக்கறாங்க. அது உன் பேரு."

"எது என் பேரு?"

அவள் கை வயிற்றின்மேல் சுற்றியது. அம்மாவுக்குக் கோபம் வந்தால் "வயிறு எரியுதுடி" என்று வயிற்றில் கையை வைத்துக்கொண்டு சொல்வாளே, அந்தச் சுற்று. வயிற்றெரிச்சல்.

எப்போது வைத்தாய் என்றேன். நீ பாரிஸ் போவதற்கு முன்னாலேயே என்றாள்.

"ஞாயித்துக்கெழம பீச்சுலேர்ந்து நான் சிரிச்சிக்கினே வூட்டுக்கு வருவேன். யாரோட சிரிச்சன்னு தெரியாம உன் மூஞ்சி போவும் பாரு ஒரு போக்கு. மறுநாளு பட்டறைல நடிச்சிக் காட்டுவேன். அதப் பாக்கறதுக்கே டீ குடிக்கப் போவமாட்டாங்க."

எனக்கு அவளை அறைய வேண்டும்போல இருந்தது. நான் அவர்களில் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. அவர்கள் எல்லாருக்கும் என்னைத் தெரிந்திருந்தது, நான் எப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன் என்பது வரைக்கும். மாற்று அதை என்றேன். வைத்ததை மாற்ற முடியாது என்று தலையை ஆட்டினாள்.

அதற்குள் கடலூரிலிருந்து வந்த ஒரு வயதான தம்பதி பரிசுப் பொட்டலத்தோடு மேடை ஏறினார்கள். இருவருக்கும் காது கேட்காது. சேகர் அவர்களுக்கு என்னைச் சுட்டிக்காட்டினார். அந்த அம்மாள் என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, மரியாதையாக, சந்தேகமாக, வயிற்றில் கையை வைத்துச் சுற்றி, நீங்கள்தானா என்றார்.

இந்தத் தடவை எனக்குப் புரிந்தது. என்னைச் சுட்டிக்காட்டி, வயிற்றின்மேல் கையை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினேன். நான்தான்.

அவர்களுக்குப் புரியவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, பந்தி நடக்கும் பக்கம் எனக்கு வழி காட்டினார்கள். வாசுகி மாலையை ஒதுக்கிக்கொண்டு குறுக்கே கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மெதுவா சுத்தினா பசி. வேகமா சுத்தினாத்தான் நீ."

வேகமாகச் சுற்றினேன்.